வீட்டில் அடித்த டிவிடி டிவியில் ஓரம் வெட்டுப்படுகிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

கொம்பியூட்டரில் போட்டால் படம் முழுசாக இருக்கிறது. அதே டிஸ்கை ஹோலில் இருக்கும் பிளேயரில் போட்டால் மணவறைக்கு இரண்டு பக்கமும் கட்டிய வாழையைக் காணோம், கரையில் நின்ற பெரியப்பாவுக்குப் பாதி முகம்தான் மிச்சம், இடது பக்கத்தில் தொடங்கிய "நல்வரவு" என்ற எழுத்து "ல்வரவு" என்று நிற்கிறது. கலியாண வீடு, சாமத்திய வீடு, அரங்கேற்றம் என்று வீட்டு விசேஷங்களை டிவிடியில் அடித்து வைத்திருக்கும் பலர் வீட்டில் இதே கதைதான்.

இப்படி நடந்தால் பெரும்பாலானவர்கள் செய்வது இன்னொரு டிஸ்க் அடிப்பது. வேறு கம்பனி டிஸ்க், குறைந்த ஸ்பீட், வேறு சொஃப்ட்வெயார் என்று மாற்றி மாற்றி அடித்தாலும் அதே இடத்தில்தான் வெட்டுப்படும், ஏனென்றால் எழுதும் வேகத்துக்கும் படத்தின் கரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டிஸ்க் பழுதென்றால் படம் நின்று நின்று ஓடும், கட்டம் கட்டமாக உடையும், இல்லாவிட்டால் பிளேயர் எடுக்கவே எடுக்காது. நான்கு பக்கமும் அளவெடுத்த மாதிரி வெட்டாது. அதனால் புது டிஸ்கில் காசைக் கரைக்க முன் ஒழுங்குமுறையாகப் பாருங்கள்: முதலில் டிவி, பிறகு பிளேயர், கடைசியாகத்தான் டிஸ்க்.

டிவி ஏன் வெட்டுகிறது

இதற்குப் பெயர் ஓவர்ஸ்கான். பழைய குழாய் டிவிகளில் படத்தின் அளவு நிலையாக இருக்காது. கரண்ட் ஏறி இறங்கினால், பெட்டி சூடேறினால், உள்ளே உள்ள பாகங்கள் பழசானால் படம் கொஞ்சம் சுருங்கும், கொஞ்சம் விரியும், கரைகள் வளையும். சுருங்கும்போது சுற்றிவரக் கறுப்பு இடைவெளி தெரிந்தால் ஆட்கள் டிவி பழுது என்று கடைக்குக் கொண்டுபோவார்கள். அதனால் தயாரிப்பாளர்கள் படத்தைக் கண்ணாடியை விடக் கொஞ்சம் பெரிதாகவே விரித்து, கரையைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்கள். ஒளிபரப்புக்காரர்களுக்கும் இது தெரியும். அவர்கள் அசைவுகளைப் படத்தின் நடு 90 வீதத்துக்குள்ளும் எழுத்துகளை நடு 80 வீதத்துக்குள்ளும் வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். நீங்கள் டிவியில் பார்த்த செய்தி வாசிப்பு எதிலும் எழுத்து வெட்டுப்படாததற்கு இதுதான் காரணம்.

குழாய் டிவி போய் எல்சிடி, எல்இடி வந்த பிறகு இதற்குத் தேவையே இல்லை. பேனலில் உள்ள புள்ளிகள் கரண்ட் குறைந்தாலும் சுருங்காது. ஆனாலும் நிறைய டிவிகள் கடையிலிருந்து வரும்போதே ஓவர்ஸ்கான் போட்டபடிதான் வருகின்றன. அது முழுக்க மடத்தனம் என்றும் சொல்ல முடியாது, பழைய ஒளிபரப்பிலும் பழைய டேப்பிலும் கரையில் குப்பை கிடக்கும், அதை மறைக்க இது உதவுகிறது. அந்தக் குப்பையைப் பற்றிக் கீழே வருகிறது. கொம்பியூட்டர் மொனிட்டரில் இந்த விளையாட்டு இல்லை, கோப்பில் உள்ள அத்தனை புள்ளியையும் அப்படியே காட்டும். அங்கே சரியாகத் தெரிவது இங்கே வெட்டுப்படுவது இதனால்தான்.

படி 1: எவ்வளவு வெட்டுகிறது என்று அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்து "கொஞ்சம் வெட்டுது" என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை. நான்கு கரையிலும் ஏதாவது பொருள் தெரியும் ஒரு காட்சியில் கொம்பியூட்டரில் விஎல்சி மாதிரி வீடியோ ஓட்டும் சொஃப்ட்வெயார் ஒன்றில் போட்டு நிறுத்துங்கள், அதே காட்சியில் டிவியிலும் நிறுத்துங்கள். கைத்தொலைபேசியில் இரண்டையும் நேருக்கு நேராக நின்று படம் எடுத்து ஒப்பிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்:

- நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் போயிருந்தால் ஓவர்ஸ்கான்.
- மேலும் கீழும் மட்டும் போய், இடம் வலம் சரியாக இருந்தால் டிவியின் ஸூம்.
- இடமும் வலமும் மட்டும் நிறையப் போயிருந்தால் பிளேயரின் பான் ஸ்கான், அது மூன்றாம் படி.
- ஒரு பக்கம் மட்டும் போய் எதிர்ப்பக்கம் கறுப்பு விழுந்திருந்தால் படம் நகர்ந்திருக்கிறது. பழைய குழாய் டிவியிலும் விஜிஏ இணைப்பிலும் இது வரும், அது வேறு வியாதி.

இன்னும் சரியாக அளக்க விருப்பமென்றால் ஒரு சோதனைப் படம் செய்து வைத்திருங்கள், இது ஒருமுறை செய்தால் காலத்துக்கும் உதவும். எந்த ஃபோட்டோ சொஃப்ட்வெயாரிலும் 1024 க்கு 576 அளவில் ஒரு வெள்ளைப் பக்கம் திறவுங்கள். அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செவ்வகங்கள் வரையுங்கள். முதலாவது இடம் வலம் 26 புள்ளி, மேல் கீழ் 14 புள்ளி உள்ளே, அது ஒவ்வொரு பக்கமும் 2.5 வீதம். இரண்டாவது 51 உம் 29 உம், அது 5 வீதம். மூன்றாவது 77 உம் 43 உம், அது 7.5 வீதம். நாலாவது 102 உம் 58 உம், அது 10 வீதம். ஒவ்வொரு கோட்டையும் வேறு நிறத்தில் போட்டு, கோட்டுக்கு உட்பக்கமாக அதன் வீதத்தை எழுதுங்கள். நடுவில் ஒரு சரியான வட்டம். இதை 16:9 (அகலப் படம்) புரொஜெக்டில் ஒரு நிமிட வீடியோவாக்கி, திரும்ப அழித்து எழுதக்கூடிய ஒரு டிவிடி ஆர்டபிள்யூவில் அடியுங்கள். சில பழைய பிளேயர்கள் ஆர்டபிள்யூ டிஸ்கை ஏற்காது, அப்படியென்றால் சாதாரண டிவிடி ஆர் ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டியதுதான்.

டிவியில் போட்டதும் எந்தக் கோடு தெரிகிறது, எது காணாமல் போய்விட்டது என்று பாருங்கள். 2.5 வீதக் கோடு இல்லை, 5 வீதக் கோடு மயிரிழையில் நிற்கிறது என்றால் அந்த டிவி ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 5 வீதத்தைத் தின்கிறது. கேட்கச் சின்ன எண் மாதிரி இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து அகலத்தில் பத்தில் ஒன்று. பரப்பளவாகக் கணக்குப் பார்த்தால் படத்தில் 19 வீதம் போய்விட்டது. வட்டம் முட்டை மாதிரி நின்றால் வெட்டுவது போதாதென்று வடிவமும் பிழைத்திருக்கிறது, அதற்கு நாலாம் படி.

படி 2: டிவியில் ஓவர்ஸ்கானை நிறுத்துங்கள்

ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பட்டன் ஒன்று இருக்கும், பெரும்பாலும் பிக்சர் சைஸ், அஸ்பெக்ட், வைட் அல்லது ரேஷியோ என்று எழுதியிருப்பார்கள். இல்லாவிட்டால் மெனுவில் பிக்சர் பகுதிக்குள் தேடுங்கள். தொல்லை என்னவென்றால் ஒரே விஷயத்துக்கு ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கான். சாம்சங்கின் பழைய மொடல்களில் ஸ்கிரீன் ஃபிட், புதியவற்றில் ஃபிட் டு ஸ்கிரீன். சோனியில் டிஸ்பிளே ஏரியா என்று ஒன்று இருக்கும், அதற்குள் ஃபுல் பிக்சல். பிலிப்ஸில் அன்ஸ்கேல்ட். ஷார்ப்பில் டொட் பை டொட். பானசோனிக்கில் 16:9 ஓவர்ஸ்கான் என்றே தனியாக ஓன் ஓஃப் கொடுத்திருப்பார்கள். இங்கே கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மற்றப் பிராண்டுகளிலும் இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

பலர் இந்த இடத்தில்தான் மனம் வெறுத்துவிடுகிறார்கள். மெனுவுக்குப் போனால் ஜஸ்ட் ஸ்கான் மங்கலாக இருக்கும், அமத்தினாலும் வேலை செய்யாது, அல்லது பட்டியலிலேயே இருக்காது. டிவியில் அந்த வசதி இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். உங்கள் பிளேயர் எந்த வயரில் வருகிறது என்று பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று முனை கொண்ட ஏவி வயரில் வருகிறதென்றால் பெரும்பாலான டிவிகள் முழுப்படம் காட்டும் ஒப்ஷனைத் தரவே தராது. எச்டிஎம்ஐயில் வந்தாலும் பிளேயர் 576 கோடுகளாக அனுப்பினால் சில டிவிகள் தராது. அந்த ஒப்ஷன் 720பி, 1080ஐ, 1080பி என்ற கூடுதல் கோடுகள் கொண்ட சிக்னலுக்கு மட்டும்தான் திறக்கும்படி செய்திருப்பார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். பிளேயரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஏவி வயரைக் கழற்றிவிட்டு ஒரு எச்டிஎம்ஐ வயர் போடுங்கள், கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இதற்குப் பெரிய காசு கேட்க மாட்டார்கள், இரண்டு மீற்றர் வயருக்கு விலை கூடிய தங்கமுலாம் சமாச்சாரம் ஒன்றும் தேவையில்லை. பிறகு பிளேயரின் செட்டப் மெனுவில் வீடியோ பகுதிக்குப் போய் எச்டிஎம்ஐ ரெசொலூஷனை 1080பி அல்லது 720பி என்று மாற்றுங்கள். படம் ஒரு கணம் கறுத்துவிட்டுத் திரும்ப வரும். இப்போது டிவி மெனுவுக்குப் போனால் மங்கிக் கிடந்த ஒப்ஷன் வெளிச்சமாக நிற்கும். அதைத் தெரிவு செய்துவிட்டுச் சோதனை டிஸ்கைப் போட்டால் நான்கு கோடும் தெரியவேண்டும்.

இன்னொன்று, இந்த செட்டிங்கை நிறைய டிவிகள் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாக ஞாபகம் வைத்திருக்கும். எச்டிஎம்ஐ 1 இல் கேபிள் பெட்டிக்குச் சரிசெய்தால் எச்டிஎம்ஐ 2 இல் உள்ள டிவிடி பிளேயருக்கு அது வராது. பிளேயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுங்கள்.

ஏவி வயர் தவிர வேறு வழியில்லாத பிளேயர் என்றால் இரண்டு தெரிவுதான் உண்டு. ஒன்று, வீடியோவைப் பென் டிரைவில் போட்டு டிவியின் யூஎஸ்பியில் ஓடவிடுவது, அங்கே பொதுவாக ஓவர்ஸ்கான் இருக்காது. மற்றது, டிஸ்கையே மாற்றி அடிப்பது, அது ஐந்தாம் படி.

இணையத்தில் தேடினால் ரகசிய நம்பர் அடித்து டிவியின் சேர்விஸ் மெனுவுக்குள் போகச் சொல்லும் ஆலோசனை ஏராளம் கிடைக்கும். அங்கே ஓவர்ஸ்கான் அளவை நேரடியாக மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் அதே இடத்தில் பேனல் வகையைத் தெரிவு செய்யும் வரியும் இருக்கும், அதில் கை தவறினால் திரை இருட்டாகிவிடும், பிறகு மெனுவைப் பார்த்துத் திருத்தவும் முடியாது. என்னைக் கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். போயே தீருவேன் என்றால் எதைத் தொட முன்னும் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பிளேயர்

இதில் கதை நீளமில்லை. ரிமோட்டில் ஸூம் என்ற பட்டன் இருக்கும், வீட்டில் சின்னப்பிள்ளைகள் இருந்தால் அது அமத்துப்பட்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அதைத் திரும்பத் திரும்ப அமத்தி ஓஃப் நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது செட்டப் மெனுவில் டிவி டைப் அல்லது டிவி டிஸ்பிளே என்ற வரி. அதில் மூன்று தெரிவு இருக்கும்: 4:3 பான் ஸ்கான், 4:3 லெட்டர்பொக்ஸ், 16:9. அகலமான டிவி என்றால் 16:9 ஆக இருக்க வேண்டும். பான் ஸ்கான் என்பது அகலப் படத்தைச் சதுர டிவியில் நிரப்புவதற்காக இடமும் வலமும் வெட்டும் முறை, அகலத்தில் கால்வாசி அப்படியே போய்விடும். சதுர டிவி வைத்திருந்தால் லெட்டர்பொக்ஸ் போடுங்கள், மேலும் கீழும் கறுப்பு விழும், படம் முழுசாக இருக்கும். சில பிளேயர்களில் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த வரியை மாற்ற விடாது, நிறுத்திவிட்டு அல்லது டிஸ்கை வெளியே எடுத்துவிட்டு மாற்றுங்கள்.

படி 4: 4:3 உம் 16:9 உம் குழம்பினால்

ஒரு டிவிடி படத்துக்கு, நம்முடைய பால் (PAL) என்ற டிவி முறையில், பொதுவாக 720 க்கு 576 புள்ளிகள்தான். படம் சதுரமானதோ அகலமானதோ அந்த எண்ணிக்கை மாறாது. "இதை 4:3 ஆக விரி" அல்லது "16:9 ஆக விரி" என்று டிஸ்கில் ஒரு குறிப்பு மட்டும் எழுதப்படுகிறது, பிளேயரும் டிவியும் அதைப் பார்த்து நீட்டிக்கொள்கின்றன. அந்தக் குறிப்புப் பிழைத்தால்தான் எல்லாம் பிழைக்கும்.

அடிக்கடி நடப்பது இது. கமெராவில் எடுத்தது 16:9. டிவிடி செய்யும் சொஃப்ட்வெயாரில் புரொஜெக்ட் 4:3 ஆகக் கிடந்திருக்கும், யாரும் கவனிக்கவில்லை. சொஃப்ட்வெயார் அகலப் படத்தை மேலும் கீழும் கறுப்புப் பட்டி போட்டு 4:3 க்குள் அடக்கிவிடும். அந்த டிஸ்கை அகலமான டிவியில் போட்டால் இடமும் வலமும் இன்னும் இரண்டு பட்டி விழும், படம் நடுவில் தபால் முத்திரை அளவுக்கு நிற்கும். வீட்டில் யாராவது பொறுக்க முடியாமல் டிவியின் ஸூம் பட்டனை அமத்துவார்கள், படம் நிறையும், அதோடு ஓவர்ஸ்கானும் சேர்ந்து கரையைக் கடித்துவிடும், தெளிவும் போய்விடும். இதற்கு டிவியில் மருந்து இல்லை. புரொஜெக்டை 16:9 ஆக மாற்றித் திரும்ப அடிப்பதுதான் வழி.

மறுபக்கம், தொண்ணூறுகளில் எடுத்த பழைய 4:3 வீடியோவை அகலமான டிவியில் பார்க்கும்போது டிவியின் ஓட்டோ வைட் அல்லது ஸூம் அதை நிரப்பப் பார்க்கும். நின்றுகொண்டிருப்பவர்களின் தலை போகும், கீழே உள்ள எழுத்தும் போகும். டிவியை 4:3 இல் வைத்துவிடுங்கள். பக்கத்தில் கறுப்பு விழுவது பிழையல்ல, அந்தப் படம் எடுக்கப்பட்ட வடிவமே அதுதான். சிலருக்கு அது கண்ணை உறுத்தும், அம்மம்மாவின் முகம் பக்கவாட்டில் வீங்கித் தெரிவதை விட அது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

படி 5: டிஸ்கை மாற்றி அடிப்பது

உங்கள் டிவியில் மட்டும் பார்ப்பதென்றால் இரண்டாம் படியோடு நிறுத்திவிடலாம். ஆனால் டிவிடி அடிப்பதே கொடுப்பதற்காகத்தானே. மட்டக்களப்பில் இருக்கும் மாமி வீட்டில் இன்னும் குழாய் டிவி, அங்கே போய் யாரும் செட்டிங் மாற்றப்போவதில்லை, மாற்றவும் ஒப்ஷன் இல்லை. அப்படியான டிஸ்குக்குக் கரையில் இடம் விட்டு அடிக்க வேண்டும், அதாவது படத்தைச் சற்றுச் சுருக்கி, சுற்றிவரக் கறுப்புக் கரை வைப்பது. டிவி வெட்டுவது அந்தக் கறுப்பைத்தான், உள்ளே உள்ள படம் தப்பிவிடும்.

எவ்வளவு சுருக்குவது? 720 க்கு 576 என்ற அளவுக்குள் இரண்டு அளவுகள் எனக்குப் பிடித்தவை, இரண்டிலும் அகல உயர விகிதம் மாறாது. குழாய் டிவிக்காக என்றால் 640 க்கு 512. பக்கத்துக்கு 40 புள்ளியும் மேல் கீழ் 32 புள்ளியும் கறுப்பாக வரும், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 5.5 வீதம். எல்லாரிடமும் எல்இடி டிவிதான், ஆனால் செட்டிங் மாற்றமாட்டார்கள் என்றால் 680 க்கு 544 போதும், அது பக்கத்துக்கு 20 உம் மேல் கீழ் 16 உம். எடிட்டிங்கை 1920 க்கு 1080 இல் செய்கிறீர்களென்றால் ஸ்கேலை 90 வீதமாக்குங்கள், 1728 க்கு 972 வரும், அல்லது 95 வீதம், உங்கள் சோதனைப் படம் சொன்னதைப் பொறுத்து.

ஒவ்வொரு துண்டாகச் சுருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். முழு எடிட்டிங்கையும் முடித்துவிட்டு, அந்த சீக்குவென்ஸை (காட்சிகளை அடுக்கிய முழு வரிசையை) அப்படியே இன்னொரு புதிய சீக்குவென்ஸுக்குள் போட்டு அதற்கு மட்டும் ஸ்கேல் கொடுங்கள். பிரீமியர், வேகாஸ், டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் சொஃப்ட்வெயார்கள் எல்லாவற்றிலும் இதைச் செய்யலாம். அவற்றில் சேஃப் மார்ஜின் அல்லது சேஃப் ஏரியா என்ற கோடுகளையும் திரையில் காட்டலாம், எழுத்து வைக்கும்போது அதை ஓன் பண்ணி வைத்திருங்கள்.

இந்தச் சுருக்கலில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மினி டிவி (MiniDV) என்ற சின்னக் கசெட் கமெராவிலோ பழைய டேப்பிலோ இருந்து எடுத்த வீடியோ இன்டர்லேஸ் முறையில் இருக்கும், ஒரு ஃபிரேமில் ஒற்றைக் கோடுகள் ஒரு கணத்தையும் இரட்டைக் கோடுகள் அடுத்த கணத்தையும் தாங்கி நிற்கும். அதை அப்படியே உயரத்தில் சுருக்கினால் இரண்டு கணமும் கலந்து, ஆடும் பிள்ளையின் கையைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் விழும், நிறுத்திப் பார்த்தால் நன்றாகத் தெரியும். பரதநாட்டிய வீடியோவில் இது படு கேவலமாக இருக்கும். ஆகவே சொஃப்ட்வெயாருக்கு இது இன்டர்லேஸ் என்பதையும் எந்தக் கோடு முதலில் என்பதையும் சரியாகச் சொல்லிவிட்டுச் சுருக்குங்கள். மினி டிவி என்றால் லோவர் ஃபீல்ட் முதலில், இன்டர்லேஸாக எடுத்த ஏவிசிஎச்டி (எச்டி கமெராக்கள் பதியும் ஒரு முறை) என்றால் அப்பர். பிழையாகப் போட்டால் ஓடுகிற மனிதன் முன்னும் பின்னும் துடிப்பான், அதைக் கண்டால் மற்றதை மாற்றிப் பாருங்கள்.

சுருக்குவதற்கு எப்போதும் மூல வீடியோவையே எடுங்கள். ஏற்கனவே அடித்த டிவிடியிலிருந்து எடுத்துச் சுருக்கித் திரும்ப எம்பெக் 2 (டிவிடியில் உள்ள வீடியோ வடிவம்) ஆக்கினால் தரம் இரண்டாம் தடவையும் குறையும். மூலம் அழிந்துபோய் டிவிடிதான் மிச்சம் என்றால் வேறு வழியில்லை, ஆனால் அப்போது முழு நீளத்தையும் ஒரே டிஸ்கில் திணிக்காமல் பிட்ரேட்டை (ஒவ்வொரு செக்கன் படத்துக்கும் ஒதுக்கும் தரவின் அளவை) தாராளமாக விடுங்கள். 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றில் ஒரு மணித்தியாலம் என்றால் நல்ல தரம், இரண்டு மணித்தியாலம் என்றால் பார்க்கலாம், மூன்று என்றால் மணப்பெண்ணின் சேலைக் கரை கரைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் கறுப்புக் கரை வைக்கத்தான் வேண்டுமா? எனக்கு அதில் அரைமனம்தான். ஓவர்ஸ்கானை நிறுத்திய டிவியில் அந்த டிஸ்கைப் போட்டால் சுற்றிவர மரணச் செய்தி மாதிரி ஒரு கறுப்புச் சட்டம் தெரியும். வீடியோக்காரர் நிதானமாக நடுவில் வைத்து எடுத்த படத்தில் கரையில் கொஞ்சம் போனால் யாரும் கவனிக்கப்போவதில்லை. அப்படியானவற்றில் படத்தைத் தொடாமல் எழுத்துகளையும் டிவிடி மெனுவில் உள்ள பட்டன்களையும் மட்டும் நடு 80 வீதத்துக்குள் தள்ளிவிடுங்கள். கூட்டமாக நின்று எடுத்த குழுப்படங்கள், ஃபோட்டோ ஸ்லைட் ஷோக்கள், பழைய ஆவணங்களை ஸ்கான் பண்ணிப் போட்டவை, இவற்றுக்குக் கட்டாயம் கரை வேண்டும். ஸ்லைட் ஷோவில்தான் அதிகம் அடிபடுகிறது, ஏனென்றால் ஃபோட்டோவில் ஆட்கள் சட்டத்தின் நுனி வரைக்கும் நிற்பார்கள்.

டிஸ்க் அடிக்க முன் முழு டிஸ்கின் நகலான ஐஎஸ்ஓ கோப்பாகச் சேமித்து ஒருக்கால் விஎல்சியில் ஓட்டிப் பாருங்கள். கறுப்புக் கரை நான்கு பக்கமும் ஒழுங்காக இருக்கிறதா, மெனு பட்டன் உள்ளே இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

விஎச்எஸ் டேப்பிலிருந்து எடுத்தவை

ஓவர்ஸ்கானை நிறுத்தியதும் சிலர் அலறிக்கொண்டு திரும்பிவருவார்கள், படத்தின் அடியில் ஒரு பட்டி நெளிகிறது, டிஸ்க் பழுதாகிவிட்டது என்று. அது பழுதில்லை. விஎச்எஸ் டெக்கில் சுழலும் ஹெட்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும் இடம் படத்தின் கடைசிக் கோடுகளில்தான் விழும், அந்த நெளிவு ஒவ்வொரு டேப்பிலும் இருந்தது, குழாய் டிவி அதைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தது. டிவி ஒளிபரப்பிலிருந்து பதிந்ததென்றால் உச்சியில் வெள்ளைப் புள்ளிகள் துடிக்கும் ஒரு கோடும் தெரியலாம், அது ஒளிபரப்போடு வரும் தகவல் சமிக்ஞை. இடம் வலத்தில் ஒன்பது ஒன்பது புள்ளி அளவில் மெல்லிய கறுப்பும் இருக்கும், 720 புள்ளியில் உண்மையான படம் இருப்பது ஏறக்குறைய நடு 702 இல்தான்.

இதற்கு மருந்து வெட்டுவதல்ல, மூடுவது. எடிட்டிங்கில் அடியில் நெளியும் 8 முதல் 12 கோடுகளின் மேல் கறுப்புப் பட்டி ஒன்றை வையுங்கள், அல்லது மாஸ்க் போடுங்கள். வெட்டிவிட்டு மிச்சத்தை இழுத்து நிரப்பினால் இன்டர்லேஸ் கோடுகள் குழம்பும், தெளிவும் குறையும். பழைய டேப்பில் இருக்கிற தெளிவே கொஞ்சம், அதையும் ஏன் கெடுப்பான்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் டிஸ்க்

வெள்ளவத்தையில் அடித்த டிஸ்க் லண்டனுக்கும் சூரிச்சுக்கும் சிட்னிக்கும் போனால் பிரச்சினை இல்லை, அங்கேயும் பால்தான். டொரொண்டோவுக்குப் போனால்தான் சிக்கல். கனடா என்டிஎஸ்சி, அதாவது 720 க்கு 480, செக்கனுக்கு 29.97 ஃபிரேம். அங்குள்ள பிளேயர் பால் டிஸ்கை எடுக்காமலே விடலாம். எடுத்தாலும் 576 கோடுகளை 480 ஆக ஒழுங்காகச் சுருக்காமல் மிச்சத்தை வெட்டிவிடும் பிளேயர்களும் இருக்கின்றன, அப்போது மேலும் கீழும் காணாமல் போகும், படம் விட்டுவிட்டு ஓடும். அண்ணா அங்கிருந்து "படம் வெட்டுது" என்று சொன்னால் முதலில் பிளேயரின் டிவி சிஸ்டத்தை ஓட்டோ அல்லது மல்டி என்று வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மூல வீடியோவிலிருந்து என்டிஎஸ்சியில் தனியாக ஒரு டிஸ்க் அடித்து அனுப்புங்கள். அப்போது சுருக்கும் அளவும் மாறும்: 640 க்கு 512 அல்ல, 720 க்கு 480 இன் உள்ளே 648 க்கு 432. டிஸ்கை ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் பூட்டும் ரீஜன் கோட்தான் காரணம் என்று சிலர் சொல்வார்கள், வீட்டில் அடிக்கும் டிஸ்கில் சாதாரணமாக அந்தப் பூட்டே இருக்காது.

எதிர்ப்பக்கம் அவ்வளவு கஷ்டமில்லை. கனடாவிலிருந்து வரும் என்டிஎஸ்சி டிஸ்கை இங்குள்ள பிளேயர்கள் பெரும்பாலும் எடுத்துவிடும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உயரத்தில் நசுங்கினாலோ அதே டிவி சிஸ்டம் வரியைத்தான் பாருங்கள்.

ஒரே நிகழ்வை இப்படி இரண்டு மூன்று விதமாக அடித்தால் டிஸ்கின் மேல் எழுதி வையுங்கள்: பால் அல்லது என்டிஎஸ்சி, 16:9 அல்லது 4:3, கரை வைத்ததா இல்லையா. ஒட்டும் லேபிள் வேண்டாம், அது ஒரு பக்கம் கிளம்பினால் பிளேயருக்குள் சிக்கும். டிஸ்குக்கென்று விற்கும் மார்க்கர் பேனையால் எழுதினால் போதும்.